கொல்லைப்புறத்தில் குழந்தைகளுக்கு ஓர் இடம்: ஓராண்டில் வாங்கியவையும் அகற்றியவையும்

திருவானைக்காவலில் எங்கள் வீட்டின் பின்பக்கம் 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட சிமெண்ட் தளம் ஒன்று இருக்கிறது. துணி உலர்த்தவும் பாத்திரம் கவிழ்க்கவும் மட்டுமே பயன்பட்டுவந்த அந்த இடத்தை, சென்ற ஆண்டு பிப்ரவரியில், அப்போது நான்கு வயதாகியிருந்த மகளும் ஒன்றரை வயது மகனும் விளையாடுவதற்கு ஏற்றதாக மாற்ற முடிவு செய்தோம். தெருவில் வண்டிகள் ஓய்வதில்லை. நடந்து போகும் தொலைவில் பூங்காவும் இல்லை. ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்ட நிலையில், வாங்கியவற்றில் எவை நிலைத்தன, எவை வீணாயின என்பதை, இதே வேலையைத் தொடங்க இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு, வாங்கிய பொருள்களில் இல்லை. வாங்கிய வரிசையில் இருந்தது. மேசை, நாற்காலி, சறுக்கு, புல்விரிப்பு எல்லாவற்றையும் முதலில் வாங்கிவிட்டு, நிழலைப் பற்றிப் பிறகு யோசித்தோம். எங்கள் தளம் மேற்கு பார்த்தது. திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதும், பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிவரை அந்தச் சிமெண்ட் தளம் அடுப்புக்கல்லைப் போலக் காய்வதும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் துணி உலர்த்துபவர் செருப்போடு போய்ச் செருப்போடு திரும்புகிறார். குழந்தையோ வெறுங்காலில் ஓடுகிறது, தரையில் உட்காருகிறது, மண்டியிட்டுத் தவழ்கிறது. இந்த வேறுபாட்டை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் வந்தது செயற்கைப் புல்விரிப்பு. இணையத்தில் படம் பார்த்து, 10 அடிக்கு 12 அடி அளவில், 35 மில்லிமீட்டர் உயரப் புல் கொண்டதை வாங்கினோம். விரித்த மாலையில் கண்ணுக்கு மிகவும் நிறைவாக இருந்தது. குழந்தைகள் உருண்டு விளையாடினார்கள். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு மகள் அதில் கால் வைத்ததும் பின்வாங்கி, “அம்மா, புல்லு சுடுது” என்றாள். நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து வரை எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் இழை சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். உயிருள்ள புல்லைப் போல நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. நேர்வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைக் கடக்கக்கூடும், குழந்தையின் தோலோ பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் தணிகிறது, பிறகு மீண்டும் சுடுகிறது. ஜூலையில் பெய்த ஒரே ஒரு மழைக்குப் பிறகு அதன் அடிப்புறத்து ரப்பரில் நீர் தேங்கி, மூன்றாம் நாள் வாடை வரத் தொடங்கியது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் எறும்புப் புற்றே கட்டியிருந்தது. நல்ல வடிகால் துளைகளும், நாள் முழுதும் நிழலும் உள்ள இடத்துக்கு இது பொருந்தலாம். மேற்கு வெயில் விழும் திறந்த தளத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அதன்பிறகே நிழலுக்கு வந்தோம். காந்தி மார்க்கெட் பக்கம் தார்ப்பாய் விற்கும் கடையொன்றில் பசுமை வலை கேட்டபோது, கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “செடிக்கா, ஆளுக்கா?” என்பது. அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குத் தொழில் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. செடிக்கு 50 சதவீத வலை போதும், குழந்தைகள் உட்கார வேண்டுமானால் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 90 சதவீதம் போட்டால் இருட்டடிப்பதோடு காற்றும் குறைந்துவிடும் என்று விளக்கினார். 75 சதவீத வலை என்றால், விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தடுக்கும் என்று பொருள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்யப்பட்ட வலைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். செய்யப்படாதது ஓரிரு கோடைகளிலேயே நூல் நூலாக உதிர்ந்துவிடும். ஓரத்தை மடித்துத் தைத்து, இரண்டடிக்கு ஒரு வளையம் அடித்தும் கொடுத்தார்கள். மொத்தத்தில் செலவான தொகை புல்விரிப்பின் விலையில் கால் பங்குகூட இல்லை. வலை கட்டிய மறுநாள் மதியம் அதே தளத்தில் மகன் வெறுங்காலோடு நடந்தான்.

ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். பச்சை வலையின் கீழே எல்லாப் பொருளும் பச்சை பூசிக்கொள்கிறது. மகள் அங்கே உட்கார்ந்து வண்ணம் தீட்டிய சூரியகாந்திப் பூவை வீட்டுக்குள் எடுத்துவந்து பார்த்தபோது அது ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தன நிறத்திலும் வெள்ளையிலும் அதே 75 சதவீத வலை கிடைக்கிறது. படம் வரையும், புத்தகம் பார்க்கும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அந்த நிறமே ஏற்றது. அடுத்த முறை நாங்கள் மாற்றுவதும் அதற்குத்தான்.

வலையைத் தாங்குவதற்கு நான்கு இரும்புக் குழாய்த் தூண்களும் மேல் சட்டமும் அமைத்துக்கொடுத்த வெல்டிங் பட்டறையின் வேலை குறித்து எனக்கு மனக்குறை உண்டு. தூண்கள் உறுதியாகத்தான் நிற்கின்றன. ஆனால் தூணின் அடித்தகட்டைத் தரையில் பிணைத்த போல்ட்டுகளின் முனைகள் ஓர் அங்குல உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. தகட்டின் நான்கு மூலைகளும் வெட்டியபடியே கூர்மையாக விடப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் மகன் தடுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். தொலைபேசியில் சொன்னபோது, “எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போடுறோம்” என்ற பதில்தான் வந்தது. இரண்டு முறை நேரில் போய்ச் சொன்ன பிறகே ஆள் வந்து, நீட்டியிருந்த முனைகளை அறுத்து, மூடிய தலைகொண்ட நட்டுகளை முடுக்கி, மூலைகளை அரைத்துக்கொடுத்தார். தரைக்கும் மூன்றடி உயரத்துக்கும் இடையே எந்தக் கூர்முனையும் இருக்கக் கூடாது என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முடிந்தால் நீங்களே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்தில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத பல முனைகள் அப்போது தெரியும்.

தளத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை, வாட்டத்தை மட்டும் சரிசெய்தோம். வடமேற்கு மூலையில் நீர் தேங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் ஒரே நாளில் வாட்டம் பார்த்துப் பூசி, மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாகவே விட்டார். வழவழப்பான டைல்ஸ் பதிக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். கேட்காமல் இருந்ததற்கு அக்டோபர் மழையில் மகிழ்ந்தேன். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவினால் பாசி பிடிப்பதில்லை.

விரிப்புக்கு இப்போது கோரைப்பாய்தான். காவிரிக் கரையில் முசிறிப் பக்கம் கோரை விளைவதும் பாய் நெய்வதும் எங்களுக்குப் பழக்கமான செய்தி. ஆனாலும் இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை என்று வியக்கிறேன். ஆறடிக்கு நான்கடிப் பாய்கள் இரண்டை, விளிம்பில் துணி வைத்துத் தைத்ததாகப் பெரிய கடை வீதியில் வாங்கினோம். நிழலில் கோரை சுடுவதே இல்லை. உட்கார்ந்து எழுந்தால் பிள்ளைகளின் தொடையில் பாயின் வரி பதிகிறது, அவ்வளவுதான். வாங்கும்போது விளிம்புத் தையலை இரண்டு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். தையல் விட்ட பாயில் கோரை முனை வெளியே வந்து பிஞ்சுக் காலைக் குத்தும். சாயம் ஏற்றாத பாயே நல்லது, ஏனென்றால் ஒன்றரை வயதுக் குழந்தை பாயின் ஓரத்தை வாயில் வைக்காமல் விடுவதில்லை. மழை நாளில் இதை வெளியே விட்டால் கருத்துப் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மாலையில் சுருட்டி உள்ளே சாத்திவைக்கும் பழக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மகள் ஏற்றிருக்கிறாள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பாய் தனியாக வைத்திருக்கிறோம்.

இருக்கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது, வீட்டு உபயோகப் பொருள் கடையொன்றில் அடுக்கி வைத்திருந்த, எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத இரண்டு பிளாஸ்டிக் குட்டி நாற்காலிகள். நான்கே மாதத்தில் சிவப்பு நாற்காலி வெளிறி, விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டியது. ஆறாம் மாதம் மகள் பின்னால் சாய்ந்தபோது பின்கால் ஒன்று நொறுங்கிப் போயிற்று. முறிந்த இடம் கண்ணாடிச் சில்லைப் போலக் கூராக இருந்தது. பாய்மேல் விழுந்ததால் அடிபடவில்லை. வெயில் பட்ட மட்டமான பிளாஸ்டிக், வெளித்தோற்றத்தில் முழுமையாக இருக்கும்போதே உள்ளே உயிரற்றுப் போயிருக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டேன். இப்போது எந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கினாலும் கவிழ்த்துப் பார்க்கிறேன். இருக்கையின் அடியில் குறுக்குப் பட்டைகள் இருக்கின்றனவா, அச்சு சேரும் கோட்டில் பிசிறு இருக்கிறதா, முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண், அதாவது பாலிபுரோப்பிலீன் என்பதற்கான அடையாளம், பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள ஐகியா கடையிலிருந்து மாமுட் என்ற வகைக் குழந்தைகள் மேசையையும் நாற்காலியையும் வாங்கிவந்தான். பாலிபுரோப்பிலீனால் ஆனவை, வீட்டுக்குள்ளும் வெளியிலும் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளரே குறிப்பிடுகிறார். விளிம்புகள் அனைத்தும் தடித்து உருண்டையாக இருக்கின்றன. இடித்துக்கொண்டால் வலிக்கும், கிழிக்காது. நாற்காலியின் இருக்கை உயரம் 30 சென்டிமீட்டர், மேசையின் உயரம் 48 சென்டிமீட்டர். நான்கு வயது மகளுக்குக் கால் தரையில் முழுமையாகப் பதிந்து, முழங்கை மேசைமேல் இயல்பாக அமர்ந்தது. மகனுக்கோ கால் தொங்கியது. கால் தொங்கும் குழந்தை நிலைகொள்ளாமல் நெளியும், நெளிந்தால் சரியும். ஆக, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நாற்காலி மிக நன்று, அதற்குக் கீழே பொருந்தாது என்பதே என் முடிவு. மழையில் நனைந்தாலும் துடைத்தால் போதும். எட்டு மாதம் ஆகியும் நிறம் மாறவில்லை, ஆனால் எங்கள் வலை நிழலுக்கும் அதில் பங்குண்டு.

மகனுக்கு வழிகாட்டியவர் என் மாமியார். “நாமெல்லாம் மணையில் உட்கார்ந்துதானே சாப்பிட்டோம், அவனுக்கு எதற்கு நாற்காலி?” என்றார். அவர் சொன்னபடியே எங்கள் தெரு ஆசாரியிடம் ஒரு மணையும் ஒரு குட்டி முக்காலியும் செய்யச் சொன்னோம். அவர் அளவு கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். தூணருகே அவனை நிற்கவைத்து, முழங்கால் மடிப்பு வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மகளையும் நிறுத்தி அவளுக்கும் ஒரு கோடு போட்டார். வீடு கட்டும்போது மிஞ்சிய தேக்குத் துண்டுகளில், கால்கள் வெளிப்பக்கம் சற்று விரிந்த முக்காலியைச் செய்துகொடுத்தார். இருக்கைப் பலகையைவிடக் கால்களின் பரப்பு அகலமாக இருப்பதால், ஓரத்தில் உட்கார்ந்தாலும் அது கவிழ்வதில்லை. இதுவரை இந்தத் தளத்துக்கென்று நாங்கள் வாங்கியவற்றில் இதற்கு இணையாக மற்றொன்றைச் சொல்ல முடியாது. மகன் அதில் உட்காருகிறான், அதைக் கவிழ்த்து வண்டியாகத் தள்ளுகிறான், அதன்மேல் ஏறிச் சுவரில் பல்லியைப் பார்க்கிறான்.

வண்ணம் பூசுவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பரணில் இருந்த பழைய எனாமல் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து முக்காலிக்குப் பூசச் சொல்லப் போனேன், கணவர் தடுத்தார். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு, பல் முளைக்கும் வயதுக் குழந்தை மர விளிம்பைக் கடிப்பதும் உறுதி. ஆகவே பெயிண்ட் இல்லாமல், உப்புத்தாளில் மூன்று முறை தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிட்டோம்.

சறுக்கும் ஊஞ்சலும் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேட வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ். 9873 தரநிலையின்படி அந்த முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பிளாஸ்டிக் சறுக்கில் முத்திரை இருக்கிறது, மூன்று படிகளும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் உண்டு. குறையொன்றும் இல்லை, மேற்கு பார்த்து வைத்திருந்ததைக் கிழக்கு நோக்கித் திருப்பியபின் மாலையில் சுடுவதும் நின்றது. ஊஞ்சலின் கதை வேறு. முன்பக்கம் தடுப்புள்ள பிளாஸ்டிக் இருக்கை நன்றாகத்தான் இருந்தது, அதோடு வந்த நைலான் கயிறு பத்து மாதத்தில் வெளிறியது. ஒரு நாள் மாலை கயிற்றை விரல்களுக்கிடையே திரித்துப் பார்த்தேன். இழைகள் தூளாக உள்ளங்கையில் விழுந்தன. அன்றே கழற்றிவிட்டோம். இப்போது பின்தாழ்வாரத்தின் கான்கிரீட் உத்தரத்தில் ஏற்கெனவே இருந்த ஊஞ்சல் கொக்கியில், சங்கிலி போட்டு, விரல் சிக்காமலிருக்க அதன்மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை உறையாகச் செருகியிருக்கிறோம். வலை கட்டிய சட்டத்தில் ஊஞ்சலைத் தொங்கவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அது வலையின் எடைக்காக மட்டுமே அமைத்தது.

மணலும் நீரும்தான் குழந்தைகளை மணிக்கணக்கில் கட்டிப்போடுபவை. மணலுக்கு மூன்றடிச் சதுரத்தில் செங்கல் அடுக்கி, ஒரு சாண் ஆழத்துக்குச் சலித்துக் கழுவிய ஆற்று மணலை நிரப்பினோம். எம்-சாண்ட் கொட்டக் கூடாது; அது உடைத்த பாறையின் துகள், முனைகள் கூரானவை, கிளம்பும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாதது. பூனைகள் மணலைத் தேடி வரும் என்பதால் இரவில் மூடி வைப்பது கட்டாயம். பிளாஸ்டிக் தாளால் மூடினால் மணல் புழுங்கும். மிஞ்சிய வலைத் துண்டைச் சட்டத்தில் அடித்து மூடியாக்கினோம்.

நீர் விளையாட்டுக்கென்று இணையத்தில் வாங்கிய கால் வைத்த நீர்மேசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடைப்பானைத் திறந்தாலும் அதன் வாய்க்கால் போன்ற பள்ளத்தில் அரை அங்குலத் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அந்தத் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இப்போது அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. விளையாடி முடித்ததும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிக் கவிழ்த்துவிடுகிறோம். சில அங்குலத் தண்ணீரில்கூடக் கைக்குழந்தை மூழ்கிவிடக்கூடும் என்பதால், டப்பில் தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கை எட்டும் தொலைவிலேயே உட்கார்ந்திருப்போம். பூஜைக்கென்று சுவரோரம் வளர்த்த அரளியையும் அகற்றினோம். அதன் இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. அங்கே இப்போது துளசியும் கற்பூரவல்லியும் வளர்கின்றன, கற்பூரவல்லி இலையைக் கிள்ளி முகர்வது மகனுக்குத் தினசரி வேலை.

சென்ற வாரம் எங்கள் மகனுடைய முக்காலியின் கால்களைப் பார்க்க ஆசாரி வந்தார். தூணில் அவர் போட்ட இரண்டு பென்சில் கோடுகளும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மகனை மறுபடியும் நிறுத்திப் பார்த்தார்; முழங்கால் மடிப்பு, பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே போய்விட்டது. முக்காலியின் கால்களை நீட்ட முடியாது, மூன்று கால்களையும் கழற்றிப் புதியவை பொருத்திவிடலாம் என்று சொல்லிப் புதிய கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.